பெரிய தெரசா – ஒன்று – நாலடி

புனிதர்களுக்குப் பெயர் முகத்தால் வருவதில்லை, கையால் வருகிறது. கைக்காரம்மா அந்தப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டாள்.

முகம் அச்சிலிருந்து வருவது. பழுப்பு அங்கி, அதன்மேல் வெள்ளைப் போர்வை, தலையில் கறுப்பு முக்காடு என்று கன்னியர் மடத்து உடுப்பில் ஓர் அச்சு சுவரோரமாக இரண்டாய்ப் பிளந்து நிற்கும். அதை மூடிக் கட்டி, பிளாஸ்டர் ஊற்றி, இறுகியபின் பிரித்தால் மணிக்கட்டோடு நின்றுபோன ஒரு பெண் வெளியே வருவாள். அவள் இன்னும் யாருமில்லை. கையில் சிலுவையும் அதன்மேல் கொத்தாக ரோஜாவும் கொடுத்தால் சின்ன தெரசா. புத்தகமும் இறகுப் பேனாவும் கொடுத்தால் பெரிய தெரசா. இரண்டு பேருக்கும் நடுவே முந்நூறு வருஷம் கிடக்கிறது. பெரியவர் அவிலா ஊர்க்காரர். மடங்கள் நிறுவி, புத்தகங்கள் எழுதி, அறுபத்தேழு வயதுவரை இருந்தவர். சின்னவர் அதே சபையில் சேர்ந்து இருபத்துநாலு வயதில் போய்விட்டவர். உடுப்பு ஒன்று, பெயர் ஒன்று. பட்டறையில் முகமும் ஒன்று.

யோவான் என்ற பெயரில் இருப்பவர்கள் இன்னும் மோசம். காலடியில் ஆட்டுக்குட்டி இருந்தால் ஒருவர், கையில் கிண்ணம் இருந்தால் இன்னொருவர், பக்கத்தில் சிறுவர்கள் நின்றால் வேறொருவர். கையைப் பொருத்துவதற்கு முன்னால் அவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரே பெயருக்கு நாலு பேர் எழுந்து நின்ற மாதிரி இருக்கும்.

கை பொருத்துவதுதான் அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக. அதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன், ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கட்டைவிரல் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு விரல் ஒரு மேசை, கட்டைவிரல் தனி மேசை. "கட்டைவிரல் சரியா உக்காந்தா போதும், மத்த நாலும் தானா அடங்கும்" என்பது அந்த மேசையிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சொத்து. பட்டறையில் கேட்டபோது அதைத்தான் சொன்னாள். முதலாளி அன்றே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

டயர் கடைக்குப் பின்னால் இருந்தது பட்டறை. நீளமான கொட்டகை, மேலே கண்ணாடி ஓடுகள் வழியாக வெளிச்சம் இறங்கும். எல்லாவற்றின்மேலும் மெல்லிய வெள்ளைத் தூசி படிந்திருக்கும். டீ குடிக்கிற டம்ளரைக்கூட முதலில் ஊதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வாசலை ஒட்டி முதலாளியின் மேசை, டெலிபோன், ஆர்டர் புத்தகம். நடுவில் வார்ப்பு. ஜன்னலோரம் கைக்காரம்மாவின் பலகை. அதற்கு எதிரே கண்ணுக்காரர், கண்ணும் உதடும் புருவமும் எழுதுகிறவர். மூன்று மயிர் உள்ள தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு பேசுவார். பேசாமல் இருக்க அவரால் முடியாது.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். அங்கே அவள் சின்னவ.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் மாமனார் சமையலறை வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "என்ன மாமா?" என்று இரண்டு குரல் வந்தது. ஒன்று அவளுடையது, இன்னொன்று ஓரகத்தியுடையது. மூத்த மகனுக்கு இரண்டு வருஷம் முன்னால் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பேருக்கும் தெரசா என்றே பெயர். பெண் பார்க்கப் போனபோது இதை யாரும் யோசிக்கவில்லை. மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது சரிப்பட்டு வராது. நீ பெரியவ, நீ சின்னவ. தீர்ந்துது" என்று சொல்லிவிட்டு வந்த காரியத்தை மறந்து திரும்பிப் போனார். அவர் காலமாகியும் வருஷங்கள் ஆகிவிட்டன. ஐம்பத்திரண்டு வயதிலும் அவள் சின்னவதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் கதை தலைகீழ். பெரியவளுக்கு அவள் அம்மா வைத்தது சின்ன தெரசாவின் பெயரை. சின்னவளுக்கு வைத்தது பெரிய தெரசாவின் பெயரை. அதனால் பெயர் நாள், அதாவது பெயருக்குரிய புனிதரின் திருநாள், பெரியவளுக்கு அக்டோபர் ஒன்றாம் தேதி, சின்னவளுக்குப் பதினைந்தாம் தேதி. ஒன்றாம் தேதி சின்னவள் ஒரு டப்பா கைக் கிரீம் வாங்கிப் பெரியவளுக்குக் கொடுப்பாள். பதினைந்தாம் தேதி பெரியவள் அதே கடையில் அதே டப்பாவை வாங்கி இவளுக்குக் கொடுப்பாள். ஒருத்தி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் சோடாவில் கை வைக்கிறவள், இன்னொருத்தி பிளாஸ்டரில். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு டப்பா வாங்கித் தாங்களே வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்ட கணவன்மார்கள் இருவரும் அன்று தாங்களே டீ போட்டுக் குடித்தார்கள்.

போன குளிர்காலத்தில் ஆரம்பித்தது விரல் வலி. முதலில் இடது கட்டைவிரல், பிறகு வலது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தேய்மானம்தான். வேலையைக் கொறைச்சுக்கங்க" என்றார். கையைப் பொருத்துவதில் அவ்வளவு கஷ்டமில்லை. ரோஜாதான் உயிரை எடுத்தது. அச்சில் வார்த்த ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் என்று அந்தப் பட்டறையில் ஒவ்வொன்றையும் கையால் செய்வார்கள். பிளாஸ்டரும் பசையும் பிசைந்த மாவைக் கிள்ளி, கட்டைவிரலால் நசுக்கி, இதழ் இதழாகச் சுற்ற வேண்டும். ஒரு ரோஜாவுக்குப் பதினாலு இதழ். ஒரு சின்ன தெரசாவுக்கு ஒன்பது ரோஜா. சின்ன தெரசா கேட்டுத்தான் ஊரெல்லாம் ஆர்டர் வரும். இருபது பேர் தெரசா கேட்டால் பத்தொன்பது பேருக்கு ரோஜாக்காரிதான் வேண்டும். புத்தகக்காரியைத் தேடி ஒருவர் வந்தால் ஆச்சரியம்.

வேலையை விடுவது பற்றி அவளால் யோசிக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்பது ஒரு பக்கம். காலை எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் இல்லாத ஒரு நாளை அவளுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். அப்போதுதான் முதலாளியின் காது வழி விட்டது.

முதலாளிக்குக் காது ரொம்ப நாளாகவே மந்தம். மெஷின் வைத்திருந்தார், ரம்பம் ஓடும்போது கழற்றிச் சட்டைப் பையில் போடுவார், பிறகு மறந்துவிடுவார். டெலிபோனில் லூசியா கேட்டவர்களுக்கு லூர்து மாதாவை அனுப்பி வைத்தது அந்த வருஷத்தில் மூன்றாவது தவறு. அவருடைய மருமகன் லேப்டாப்போடு வந்து, "மாமா, டெலிபோனே வேண்டாம். ஒரு படிவம் போட்டு இன்டர்நெட்ல விட்டுடலாம். அவங்களே பாத்து அமுக்கிக்கட்டும்" என்றான். கைக்காரம்மா தன் பலகையிலிருந்து எழுந்து போய் முதலாளியின் காதருகே குனிந்து, "டெலிபோனை நான் பாத்துக்கிறேன் ஐயா" என்று கத்தினாள். அவர் சற்று நேரம் அவள் விரல்களையே பார்த்தார். விஷயம் அவருக்குத் தெரியும்.

"அக்டோபர் முடியிற வரைக்கும் பாரு. சரியா வந்தா நாற்காலி உனக்கு. இல்லேன்னா இவன் சொல்றபடி."

அவ்வளவுதான். நாற்காலி கிடைத்தால் பட்டறையில் இருப்பாள். கிடைக்காவிட்டால் வீடு.

ஆகஸ்டும் செப்டம்பர் முதல் பாதியும் ஒழுங்காகப் போயின. கைப்பலகையிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து பலகைக்கும் நடந்தாள். தேதி, பெயர், உயரம், முகவரி என்று உருண்டை எழுத்தில் எழுதினாள். ஒரு தப்பு கிடையாது. செப்டம்பர் நடுவில் ஒரு நாள் மத்தியானம் டெலிபோனில் ஒரு குரல் வந்தது.

"ஹலோ, பள்ளிக்கூட விடுதியிலேருந்து வார்டன் பேசறேங்க. எங்களுக்கு ஒரு பெரிய தெரசா வேணும்."

கைக்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கண்ணுக்காரர் அதைப் பார்த்தார்.

"பெரிய தெரசாவா? தாராளமா செய்யலாம் அம்மா. எவ்வளவு உயரம் வேணும்?"

"நாலடி வருமா?"

"வரும்."

"இந்த மாசக் கடைசிக்குள்ள?"

"அதுக்கு முன்னாடியே ஆயிடும்."

எழுதினாள்: பெரிய தெரசா – ஒன்று – நாலடி. எழுதிவிட்டு அந்த வரியை இன்னொரு தரம் படித்துப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூட விடுதி, பெண் பிள்ளைகள் படிக்கிற இடம், வாசலில் புத்தகமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்பது எவ்வளவு பொருத்தம்! தன் பெயர்க்காரியைத் தேடி ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. அதுவும் நாலடியில். ஒன்பது ரோஜாவும் கிடையாது. அவள் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல். சந்தோஷத்தில் அது வாயில் வரவில்லை.

அந்தச் சிலையை அவள் அனுபவித்துச் செய்தாள். புத்தகத்தைச் சற்றே திறந்து வைத்தாள். இறகுப் பேனாவைப் பிடித்த மூன்று விரல்களை வலியோடு வலியாக ராவி ராவி மெருகேற்றினாள். கட்டைவிரல் சரியாக உட்கார்ந்தது. கண்ணுக்காரரிடம், "வயசானவங்க. சின்னப்பொண்ணு முகத்தை வச்சிடாதீங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? கண்ணோரத்துல மூணு கோடு, வாயோரத்துல ஒண்ணு. அறுபது வயசு வந்துடும்." எழுதி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "உங்க சாயல் அடிக்குதே கைக்காரம்மா."

"எனக்கு அறுபதா?"

"கோபம் மட்டும் அப்படியே இருக்கு பாருங்க."

செப்டம்பர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை. வார்னிஷ் காய்ந்து சிலை தயாராக நின்றது. டெலிபோன் மணி அடித்தது.

"விடுதி வார்டன் பேசறேங்க. சிலை ஆயிடுச்சா? வெள்ளிக்கிழமை ஒண்ணாந்தேதி, அவங்க திருநாள் அன்னைக்கே சாமியார் வந்து ஜெபம் பண்ணி மந்திரிக்கிறாரு. பிள்ளைங்கல்லாம் ரோஜாப் பூ கொண்டுவரப் போறாங்க. வியாழக்கிழமை சாயந்திரம் வண்டி அனுப்பட்டுமா?"

ஒன்றாம் தேதி. ரோஜா. கைக்காரம்மா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள், முதல் காது தப்பாகக் கேட்டிருக்கலாம் என்பது போல.

"அனுப்புங்க அம்மா" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு ஆர்டர் புத்தகத்தைத் திருப்பினாள். பெரிய தெரசா. அந்த வார்டன் சொன்ன 'பெரிய' சிலையின் உயரத்துக்கு. இவள் எழுதிய 'பெரிய' ஆளுக்கு. வேறு யார் வேண்டுமானாலும் இந்தக் குழியில் விழலாம். பெரியவ ஒரு ஆள், பெரிய தெரசா வேறொரு ஆள் என்று முப்பது வருஷமாக ஒரே வீட்டில் குழம்பிக் குழம்பித் தெளிந்தவள் விழலாமா?

கொட்டகையில் யாரும் கவனிக்கவில்லை. முதலாளி மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொட்டகையின் கோடியில் சிலை அமைதியாக நின்றது, புத்தகத்தைத் திறந்துகொண்டு.

சாயந்திரம் வீட்டில் பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் மடித்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் மடிப்பாள். சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பெரியவள் ஒரு போர்வையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, பிறகு அதன்மேலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காதேக்கா."

"என் பேர்க்காரியைக் கேட்டாங்க, உன் பேர்க்காரியைச் செஞ்சு நிறுத்தியிருக்கே. எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் நீ எடுத்துக்கிறது புதுசா என்ன? வந்த முதல் நாளே என் பச்சைக் குடையை எடுத்துட்டுப் போனவதானே நீ."

"இன்னும் அந்தக் குடையை விடலையா நீ?"

"மாட்டேன்." பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நாளைக்கு என்ன சொல்லப் போறே?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். வரும் வழியிலேயே பஸ்ஸில் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தாள். நல்ல பொய். 'அவங்க மனசை மாத்திக்கிட்டாங்க ஐயா, ரோஜா வச்சதுதான் வேணுமாம்.' யாருக்கும் நஷ்டமில்லை. யாரும் வார்டனைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. நாற்காலியும் போகாது.

"அவங்க மாத்திக் கேட்டாங்கன்னு சொல்லலாம்னு..."

அடுத்த போர்வையை எடுத்தாள். ஒரு முனையை இவள் பக்கம் நீட்டினாள், இவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் எழுந்து நின்று இழுத்து உதறி மடித்தார்கள். முனையோடு முனை சேர்க்க நெருங்கி வந்தபோது பெரியவள், "எனக்கு இன்னும் நாலு நாள் லீவு பாக்கி இருக்கு. நாளைக்கும் மறுநாளும் வரேன். அந்த ரோஜாவைச் செய்ய எத்தனை கை வேணும்?" என்றாள்.

புதன்கிழமை காலை. கைக்காரம்மா முதலாளி மேசைக்கு முன்னால் நின்றாள். வார்ப்பில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் அவர் பையில் இருந்தது.

"ஐயா, அந்த விடுதிச் சிலை..." என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஆங்?"

"விடுதிச் சிலை!"

"விடுமுறையா? இப்பவா? அக்டோபர்லயா?"

"விடுமுறை இல்ல ஐயா, விடுதி! சிலை! கை மாத்தணும்!"

"ஏன் மாத்தணும்?"

தயார் செய்து வைத்திருந்த பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அது தணிந்த குரலுக்கென்று செய்த பொய். போகிற போக்கில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, லேசாகச் சொல்ல வேண்டியது. அதைத் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சை இழுத்தாள்.

"நான் தப்பா எழுதிட்டேன்!"

"என்ன எழுதினே?"

"தப்பா! அவங்க உயரத்தைச் சொன்னாங்க! நான் ஆளைச் சொன்னதா நினைச்சுக்கிட்டேன்! கேக்காம விட்டுட்டேன்! தப்பு என்னோடது!"

அவள் கத்த ஆரம்பித்தபோது ஓடிக்கொண்டிருந்த ரம்பம் நடுவில் நின்றிருந்தது. 'தப்பு என்னோடது' என்பது கொட்டகையின் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வார்ப்புக்காரர் கையில் வாளியோடு நின்றார். கண்ணுக்காரர் வாயிலிருந்து தூரிகையை எடுத்தார். டயர் கடையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி நிதானமாக மெஷினை எடுத்துக் காதில் வைத்தார். அது கீச்சென்றது. "ஒண்ணாந்தேதிக்கு அங்க சின்ன தெரசா நிக்கணும், அதானே?"

"ஆமா."

"கையை எடு. மத்ததை அப்புறம் பேசுவோம்."

சுவரோரத்தில் நின்ற மருமகன் லேப்டாப்பை மூடினான், பிறகு திறந்தான்.

மணிக்கட்டுக்குள் பித்தளைக் கம்பி ஓடியது. அதைச் சேதப்படுத்தாமல் பிளாஸ்டரை மட்டும் அறுக்க வேண்டும். அறுத்தாள். புத்தகமும் பேனாவுமாக இரண்டு கைகளும் கழன்று வந்தன. ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். சிலுவை பிடித்த கை எப்போதும் தயாராக இருக்கும். ரோஜாதான் தயாராக இராது.

பத்து மணிக்குப் பெரியவள் ஏப்ரனை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். கண்ணுக்காரர் எழுந்து நின்று, "வாங்க வாங்க. நீங்கதான் அந்த மூத்த தெரசாவா?" என்றார்.

"பேர் நாள்ல பாத்தா நான்தான் சின்னது" என்றாள் பெரியவள்.

"எனக்குத் தலை சுத்துது" என்று அவர் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் வேலை இருந்தது. கண்ணோரக் கோடு மூன்று, வாயோரம் ஒன்று. எல்லாவற்றையும் சுரண்டி, மெழுகி, மறுபடி எழுத வேண்டும். "நாப்பத்து மூணு வருஷத்தை ஒரே நாள்ல துடைக்கணும். எனக்கு யாராவது இப்படித் துடைச்சு விடுவாங்களா?"

"துடைச்சாலும் வாய் அப்படியே இருக்கும்" என்றாள் கைக்காரம்மா. முதலாளியிடம் கத்திவிட்டு வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை அது. கண்ணுக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது.

சின்னவள் நடு மொட்டைச் சுருட்டி வைப்பாள். பெரியவள் இதழைக் கிள்ளி நசுக்கி நீட்டுவாள். சலவைப் பிரிவில் நாளெல்லாம் ஈரத் துணியைப் பிழிந்த கட்டைவிரல் அது. மாவு அதனிடம் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் இதழ் கொஞ்சம் தடிமனாக வந்தது. "இது ரோஜா மாதிரி இல்லேக்கா. காது மாதிரி இருக்கு." "முதலாளிக்கு வச்சு விடு." அன்று சாயந்திரத்துக்குள் ஆறு. வியாழன் காலையில் மூன்று. மத்தியானம் வர்ணம். பெரியவளின் தடித்த இதழ் வைத்த நாலு ரோஜாக்களையும் கீழே, சிலுவையின் அடியில் வைத்தார்கள், சின்னவள் தன் கையாலேயே இதழ் நசுக்கியவை மேலே. விரல்கள் இரண்டு பேருக்கும் விண்ணென்று தெறித்தன. ஒரே கிரீம் டப்பாவிலிருந்து இருவரும் எடுத்துத் தடவிக்கொண்டார்கள். ஒன்றாம் தேதிக்கென்று வாங்கி வைத்திருந்ததை ஒரு நாள் முன்னதாகவே திறக்க வேண்டியதாயிற்று.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. வார்டன் குட்டையான, வேகமான பெண்மணி. நாலடிச் சிலை அவருக்குத் தோள் வரை வந்தது. சுற்றி வந்து பார்த்தார். கைக்காரம்மா மணிக்கட்டையே பார்த்தாள். இணைப்புத் தெரியவில்லை.

"ரொம்ப அழகுங்க. அதுவும் கீழ இருக்கற ரோஜா எல்லாம் எவ்வளவு நல்லா மலர்ந்திருக்கு!"

பெரியவள் கூரையைப் பார்த்தாள். சின்னவள் அவள் காலை மெல்ல மிதித்தாள்.

"அம்மா," என்றாள் கைக்காரம்மா, "ஒண்ணு சொல்லணும். நீங்க பெரிய தெரசான்னதும் நான் அவிலா தெரசான்னு எழுதிட்டேன். புத்தகம் வச்சுச் செஞ்சு, நேத்துதான் மாத்தினோம்."

வார்டன் விழித்தார். பிறகு கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, நான் உயரத்தையில்ல சொன்னேன்! நானும் யோசிக்கலையே. நல்லவேளை. அந்தப் புத்தகக்காரி வந்திருந்தா எங்க பிள்ளைங்க, கடவுளே இங்கயும் படிக்கச் சொல்றாங்களேன்னு அழுதிருப்பாங்க."

வண்டி போனது. பெரியவள் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். முதலாளி கைக்காரம்மாவைக் கூப்பிட்டார். மெஷின் காதில் இருந்தது.

"அன்னைக்கு ஏன் கேக்கலே?"

"ஆசைல கேக்கலே ஐயா. என் பேர்க்காரியை யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டதும் மனசு குளிர்ந்துபோச்சு."

அவர் மேசைமேல் விரலால் கோடு போட்டார்; தூசியில் அது அப்படியே பதிந்தது. "நான் காது கேக்காம தப்பா எழுதினேன். நீ காது நல்லாக் கேட்டும் தப்பா எழுதியிருக்கே." சொல்லிவிட்டு மருமகனைப் பார்த்தார். "உன் படிவம் எங்க?"

மருமகன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அழகாகத்தான் செய்திருந்தான். புனிதர்களின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு படம். அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"தம்பி, இங்க தெரசான்னு போட்டிருக்கே. எந்த தெரசா?"

"எத்தனை பேர் இருக்காங்க?"

"நாம செய்யறது ரெண்டு. அதே உடுப்புல இன்னும் சிலர் இருக்காங்க, நம்மகிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலே. இங்க யோவான்னு இருக்கே, எந்த யோவான்?"

"அதுலயும் ரெண்டா?"

கண்ணுக்காரர் அங்கிருந்தபடியே உரக்கச் சிரித்தார். கைக்காரம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். வலது கை முடிந்து வலிக்கிற இடது கைக்கு வந்தபோது மருமகன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மாமா, இவங்களே டெலிபோன்ல உக்காரட்டும். இந்த லிஸ்ட்டை நான் முடிக்கணும்னாலே இவங்க வேணும்."

முதலாளி எழுந்தார். நாற்காலியைத் தன் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டினார். தூசி எழுந்தது. "அக்டோபர் முடியட்டும்னு சொன்னேன். ஆனா, தப்பைக் கத்திச் சொல்றவங்க எனக்குச் சௌகரியம். மெதுவாச் சொன்னா எனக்கு எங்க கேக்குது?"

அக்டோபர் முடிவதற்குள்ளேயே அவளுக்குப் புதுப் பெயர் ஒன்று வந்துவிட்டது. டெலிபோனை எடுத்து யார் எந்தப் புனிதரைக் கேட்டாலும் அவள் முதலில் கேட்பது "எந்த?" என்றுதான். சந்தேகமே வர முடியாதவர்களுக்கும் கேட்டாள். வார்ப்புக்காரர் ஆரம்பித்து வைத்தார், கண்ணுக்காரர் பிடித்துக்கொண்டார். எந்தம்மா. "எந்தம்மா, டீ வந்தாச்சு." "எந்த டீ?" என்பாள் அவளும் விடாமல். கண்ணுக்காரர் ஒரு நாள் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எந்தம் அம்மா, அதாவது எங்க அம்மான்னு பிரிச்சா பழைய பாட்டுல வர்ற மாதிரி இருக்கு" என்றார். அவள் முறைத்தாள். ஆனால் அன்று சாயந்திரம் பஸ்ஸில் அதை மனசுக்குள் இரண்டு தரம் பிரித்தும் சேர்த்தும் சொல்லிப் பார்த்தாள்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் பெரியவள் வந்தாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள், சலவைப் பிரிவில் காலை ஷிஃப்ட் முடிந்தபின், ரோஜாவுக்கு வருகிறாள். இதழ் இன்னும் தடிமன்தான். ஆனால் 'அந்த மலர்ந்த ரோஜா வச்சது' என்று கேட்டே ஆர்டர்கள் வருகின்றன. அதை ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சின்னவளுக்கு நினைவுபடுத்தாமல் அவள் இருப்பதில்லை. கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து டெலிபோன் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தா, உன் நாள்."

மேசையில் இடம் குறைவு. ஆர்டர் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்த அறுத்தெடுத்த கைகள் நின்றன, ஒரு மரக்கட்டையில் பொருத்தி. திறந்த புத்தகத்தின் நடுவே அன்றைய ஆர்டர் சீட்டுகள் செருகியிருந்தன. இறகுப் பேனாவை எடுத்துவிட்டு, அந்த மூன்று விரல்களுக்கு நடுவே ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். எழுத வேண்டும்போது எடுப்பாள், முடிந்ததும் திருப்பி வைப்பாள். விரல்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டன.

மணி அடித்தது. எந்தம்மா கிரீமைத் தடவிய கையால் ரிசீவரை எடுத்தாள், வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ... யோவானா? செய்யலாமே." பென்சிலை உருவினாள். வார்ப்புக்காரர் வாளியைக் கீழே வைத்தார். கண்ணுக்காரர் தூரிகையை வாயிலிருந்து எடுத்தார். மெஷின் இல்லாத முதலாளிகூடத் தலையை நிமிர்த்தினார். அவள் வாயைத் திறப்பதற்குள் கொட்டகை முழுக்கச் சேர்ந்து கேட்டது:

"எந்த யோவான்?"